மூன்றாவது தடவை

"மூணு வாரத்துல மூணாவது தடவைண்ணே. ஊர்ல இருக்கிறவன் கிடாரையெல்லாம் சரி பண்ற, சொந்தத் தம்பி கிடார்னா மட்டும் இளக்காரமா?"

தம்பி எலெக்ட்ரிக் கிடாரை மேசைமேல் வைத்த வேகத்தில் அரமும் சுத்தியலும் குதித்தன. கிடார் பழுது பார்ப்பது அண்ணனுக்குத் தொழில், வாசிப்பது தம்பிக்குப் பிழைப்பு. சனிக்கிழமை பெரிய மேடை.

"இப்ப எங்கடா இரையுது?"

"ஏழாவது ஃப்ரெட்."

கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் தந்தி உரசி இரையும். முதல் வாரம் ஒன்பதாவது நிஜமாகவே மேடாக இருந்தது, அண்ணன் அரத்தால் இழைத்துக் கொடுத்தார். போன வாரம் ஐந்தாவது என்றான். இரைச்சல் வாரத்துக்கு ஒரு வீடு மாறுமா என்ன?

குட்டை எஃகு அளவுகோலை மூன்று மூன்று ஃப்ரெட்டாக வைத்துப் பார்த்தார். நடுவில் இருப்பது மேடாக இருந்தால் அளவுகோல் ஆடும். கழுத்து முழுக்க எங்கும் ஆடவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார்.

தம்பி மடித்துவிட்ட சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"முழங்கை மடிப்புல என்னடா, ஊசி போட்ட பிளாஸ்திரி?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

ஆம்ப் ஒலிபெருக்கியில் இணைத்து, அண்ணன் ஏழாவது ஃப்ரெட்டை அழுத்தித் தந்தியைத் தட்டினார். சுத்தமாகக் கேட்டது. கிடாரைத் தம்பியிடம் கொடுத்தார். அவன் வாசித்ததும் கிர்ரென்று இரைந்தது.

"ஆள்காட்டி விரலால அழுத்து."

இரைச்சல் இல்லை.

"இப்ப மோதிர விரல்."

மறுபடி கிர்ர். எட்டாவதிலும் பத்தாவதிலும் அதே கதை. அந்த விரல் போன இடமெல்லாம் இரைச்சலும் கூடவே போனது.

"நல்லா அழுத்துடா."

"அழுத்துறேன்ல!"

விரல் தந்திமேலேயே மடங்கிச் சரிந்தது. அந்தக் கையைப் பிடித்து முதல் சுரம் காட்டியவரே அண்ணன்தான். அப்போது தம்பிக்கு எட்டு வயது, பிடித்த பிடியில் தந்தியே அறுந்துபோனது.

சும்மா அரத்தை இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்து அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. நம்பிக்கொண்டு மேடை ஏறுவான். அங்கே அத்தனை பேர் முன்னால் தெரிந்துகொள்வதைவிட, இந்த அறையில் அண்ணன் வாயால் கேட்கட்டும். அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, மனச திடப்படுத்திக்கடா. ஃப்ரெட்டுல ஒரு கோளாறும் இல்ல. உன் விரல்லதான் பலம் இல்ல. நாளைக்கே ஒரு டாக்டர்ட்ட காட்டிடலாம், நானும் வர்றேன்."

தம்பி கிடாரை மடியிலிருந்து இறக்கவில்லை.

"மூணு டாக்டர பாத்துட்டேண்ணே, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நீயாவது ஃப்ரெட்டுதான்னு சொல்லேன்."