டால்பினுக்குச் சொன்ன பதில்

அந்த மீன் காட்சியகத்தில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கருவி இருந்தது. உள்ளே இருப்பவை சொல்வதை அது தமிழில் சொல்லும். நாம் சொல்வதை அவற்றுக்குப் புரியவைக்கும். அம்மா மெர்லினோடு வந்த இரண்டு பிள்ளைகளும் மீன்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

பெரிய தொட்டியில் இருந்த டால்பின், “என் குட்டி எங்கே?” என்று கேட்டது.

“குட்டிய வேற ஊருக்கு அனுப்பிட்டாங்கம்மா. வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கும்,” என்றார் ஊழியர்.

இளையவள் ஜெனிலாவுக்கு மனசு கேட்கவில்லை. “கவலப்படாத. நாளைக்கு வந்துரும்,” என்று டால்பினிடம் சொன்னாள்.

அந்த வாரமே காட்சியகத்திலிருந்து அழைப்பு வந்தது. குட்டியைக் கொண்டுபோன மதகின் ஓரத்திலேயே டால்பின் காத்துக் கிடக்கிறதாம், எதையும் தின்பதில்லையாம். வாக்குக் கொடுத்தவர்களே வந்து உண்மையைச் சொல்ல வேண்டுமாம்.

மறுபடி போனார்கள். தொட்டி முன் நின்ற ஜெனிலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மெர்லின் அவளை நகர்த்திவிட்டுத் தானே குனிந்தாள்.

“உன் குட்டி இனி வராது.”

டால்பின் அவளையும் பிள்ளைகளையும் வெகுநேரம் பார்த்தது. பிறகு, போட்ட மீனை எடுத்துத் தின்றது. ஊழியர் நிம்மதியாகச் சிரித்தார்.

வீடு வந்து சேரும்வரை ஜெனிலா அம்மாவின் கையை விடவே இல்லை.