நாலாவது வெளிச்சம்

மகள் சந்தனமாரிக்குச் சீராகக் கொடுத்த நட்சத்திரத்துக்கு நான் இன்னும் கட்ட வேண்டியது நாற்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாய். நட்சத்திரம் வெடித்துவிட்டால் பாக்கி தள்ளுபடி என்று ஒப்பந்தம். தை மாதம் அது வெடித்தது. உப்பு மூட்டையைப் போட்டுவிட்டுக் கடன் ஆபீசுக்கு ஓடினேன்.

வசூல்காரர் ஐசக் திரையைக் காட்டினார். "நடுவுல ஒரு நட்சத்திரக் கூட்டம் வெளிச்சத்த வளைக்குது அண்ணாச்சி. அதான் ஒங்க நட்சத்திரம் நாலு இடத்துல தெரியுது. மூணுல வெடிச்சிட்டு. நாலாவது வெளிச்சம் தூரமாச் சுத்திப் பிந்தி வருது, அதுல இன்னும் உசுரோட இருக்கு. தவணையக் கட்டுங்க."

"மூணு இடத்துல செத்தவன் நாலாவது இடத்துல காப்பி குடிப்பானா தம்பி?"

"குடிக்கானே, பாருங்க."

திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தால் சம்பந்தியம்மா நின்றிருந்தாள். "செத்த நட்சத்திரம் எங்க குடும்பத்துக்கு ஆகாது. ஒங்க மகளக் கூட்டிட்டுப் போயிருங்க."

"யாரு செத்தது? நாலாவது இடத்துல நல்லாத்தானே இருக்கு!" என்று நானே சத்தம் போட்டேன்.

அன்றிலிருந்து தவணையும் கட்டினேன், அது வெடிக்கக் கூடாதென்று கோயிலுக்கும் நடந்தேன். ஆவணியில் நாலாவதும் வெடித்துவிட்டது. ஐசக் தள்ளுபடிச் சீட்டோடு வந்த நேரத்தில் சந்தனமாரியும் பெட்டியோடு வந்தாள்.

"கடன் முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார் ஐசக்.

"எனக்குந்தான்" என்று பெட்டியை இறக்கி வைத்தாள் மகள்.