இன்னும் கொஞ்சம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அந்த டிரைவருக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரியாமல்தான்.

விபத்தில் போன அவருடைய வலது கைக்குப் பதிலாக, அங்கே வேலை செய்யும் பெண் பொறியாளர் ஒருத்தி செய்து பொருத்திய கை. விரல் முழுக்கச் செயற்கைத் தோல். நிஜ நரம்பு போலவே, ஏதாவது பட்டதும் துடித்து மேல்கைக்குச் சேதி அனுப்பும். சூடு பட்டால் அங்கே சுருக்கென்று குத்தும். தன் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சோதனைக்காக இதே கையைப் பொருத்திக்கொண்ட மற்றவர்கள் அந்தக் குத்தலைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். இவர் மட்டும் வரும்போதெல்லாம் கூட்டச் சொல்வார். கூட்டினால், "இன்னும் கொஞ்சம்" என்பார்.

"வலியைக் கேட்டு வாங்குற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன். நாலு பேர் உச்சுக்கொட்டணும்னு ஆசை போல" என்று உடன் வேலை செய்பவர் சிரித்தார்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. அதனால் போன தடவை, கூட்டுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, சத்தமில்லாமல் குறைத்து அனுப்பினாள். எல்லாம் அவர் நல்லதுக்குத்தானே.

இன்று கடைசிப் பரிசோதனை. அவரும் திருப்தி என்று சொன்னால்தான் இந்தக் கை வெளியே விற்பனைக்குப் போகும். அவரோ வந்ததும் வராததுமாக, கை மரத்துப் போயிருக்கிறது என்றார்.

அவளுக்குச் சுர்ரென்றது.

"கை நல்லாத்தான் இருக்கு சார். வலியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"வெந்நீர்ல விட்டா உடனே தெரியணும் மேடம்."

"அதுக்கு இடது கை இருக்கே?"

"அந்தக் கையாலதான் வீட்டுக்காரியைத் தாங்கிப் பிடிச்சுக்கறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதே விபத்துதான். அவளுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. நான்தான் குளிப்பாட்டுறேன். தண்ணி சுட்டா அவளுக்குத் தெரியாது. எனக்காவது வலிக்கணும்ல?"

உடன் வேலை செய்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கணினியை இழுத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு கூட்டட்டும் என்று மெல்லக் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு செய்தவர் போல.

"என் அவசரம்தான் மேடம். போன வாரம், நீங்க கூட்டி வச்ச கைதானே, குத்தலையேன்னு நம்பி ஊத்திட்டேன். பாவம், அவ காலெல்லாம் கொப்புளம்."