துண்டுக்குள் ஒரு கை

கையைத் தொட்டால் போதும், அந்தக் கை செய்ததெல்லாம் மயிலாத்தாளுக்குத் தெரிந்துவிடும். அப்பாவைக் கிணற்றில் தள்ளிய கையைத் தேடித்தான் அவள் மாட்டுச் சந்தைக்குத் தரகு பேச வந்தாள் என்று ஊரே சொன்னது. துண்டால் மூடி விரல் பிடித்து விலை பேசும் சந்தை வழக்கத்தைச் சாக்காக வைத்து, வியாபாரிகள் எல்லார் விரலையும் பிடித்துப் பார்த்தாயிற்று. தள்ளிய சித்தப்பா நாச்சிமுத்து மட்டும் ஆறு மாதமாக நழுவிக்கொண்டிருந்தார்.

இன்று அவள் துண்டோடு நேரே வந்து நின்றாள். "எங்கூட யாவாரமே பண்ண மாட்டீங்களா சித்தப்பா? கையைக் குடுங்க."

"உன்ற கைராசி நமக்கு ஆகாது அம்மிணி."

"பொம்பளப் புள்ள கைக்கு இத்தன பயமா!" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் துண்டுக்குள் கையை விட்டார்.

அவள் முகம் மாறவில்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அப்பா எழவூட்டுல நீங்க என்னைத் தூக்கி உட்கார வெச்சப்பவே இந்தக் கை சொல்லிருச்சுங்க சித்தப்பா. கூடச் சேர்ந்து இன்னொரு கையும் தள்ளுச்சு. அது யாரோடதுன்னு சொல்லக் கைக்குக் கண்ணு இல்லையே. அந்த ஆளைத்தான் தேடறனுங்க."

நாச்சிமுத்து சுதாரிப்பதற்குள் அவர் பார்வை, விலை பேசக் கை நீட்டாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தன் மூத்த மகன் மேல் போய் விழுந்துவிட்டது.

மயிலாத்தாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.