வெர்னாவின் முறை

கலிபோர்னியக் கடற்கரையின் மணல்மேட்டில், தாங்களே மூங்கிலிலும் பிளாஸ்டிக் விரிப்பிலும் கட்டிய, ஆள் தொங்கிக்கொண்டு பறக்கும் இறக்கையை வெர்னாவும் அவள் கணவன் கில்லும் மறுபடியும் மேலே சுமந்து வருகிறார்கள். காலையிலிருந்து பறந்ததெல்லாம் அவன், சுமந்தது இருவரும். சாய்ந்த வெயில் விரிப்பில் மஞ்சளாகத் தேங்கி நிற்கிறது. நாளெல்லாம் படபடத்த அதன் ஓரம் இப்போது லேசாகத்தான் துடிக்கிறது. "இப்ப நீ போ," என்கிறான் கில். "காத்து அடங்கினதும் என் ஞாபகம் வருதாக்கும்?" என்கிறாள் வெர்னா. "களைச்சுப் போயிருக்கே. நாளைக்குப் பாத்துக்கலாமே." "வாய மூடிட்டுப் பின்னாடி பிடி." மூங்கில் கழிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் சரிவில் ஓடுகிறாள். தொடை கனக்கிறது, மணல் ஒவ்வோர் அடியையும் பிடித்து இழுக்கிறது. பாதி வழியில் அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. நிறுத்தத் தெரியாமல் அவள் கால்கள் வெறுங்காற்றில் ஓடிக்கொண்டேயிருக்கின்றன.