படிக்காத வாசகர்

மூட்டைக்காரர் தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாசகர் வட்டம் மொத்தமும் அதைப் பார்த்தது. பார்க்காத மாதிரி புத்தகத்தைப் புரட்டியது.

நூலகருக்குத்தான் தர்மசங்கடம். இன்றைக்கு அந்த மனிதரிடம், இனிமேல் வராதீர்கள் என்று அவள் சொல்லியாக வேண்டும். மருந்துக்கடைக்காரர் வந்ததும் வராததுமாக அவளைத் தனியே அழைத்து, "ஒண்ணு அவரு வரணும், இல்ல நாங்க வரணும். நீங்களே முடிவு பண்ணுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த மனிதர் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. அழுக்குச் சட்டையோடு வருவார், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து மடியில் துணிமூட்டையை வைத்துக்கொள்வார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். பேர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மூட்டைக்காரர் என்ற பேரே நிலைத்துவிட்டது.

இத்தனைக்கும் இந்த மாதப் புத்தகம் வீடில்லாதவர்களைப் பற்றியதுதான். கால்வாய்க் கரையில் இடிக்கப்பட்ட வீடுகளுக்காக ஒரு பெண் வக்கீல் பெரிய கம்பெனியோடு மோதுகிற, விறுவிறுப்பான கோர்ட் நாவல்.

"கையில எடுத்தேன், முடிக்காம கீழ வைக்கல" என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் அம்மா. "தீர்ப்பு வந்தப்ப அழுதே அழுதுட்டேன்."

"எனக்குப் பாதியிலேயே கொட்டாவி வந்துடுச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். "கோர்ட் சீன் பிரமாதம், இல்லேன்னு சொல்லல. அப்புறம் பக்கம் பக்கமா உபதேசம். வீடு இல்லாதவன் எல்லாம் உத்தமன், வீடு வச்சிருக்கிறவன் எல்லாம் அயோக்கியனா?"

"உங்களுக்குக் கல்லு மனசு."

"எனக்குக் கடை இருக்கும்மா. வாசல்ல நாலு பேரு படுத்திருந்தா மருந்து வாங்க யாரு உள்ள வருவாங்க?"

எல்லோரும் வக்கீல் ஐயா பக்கம் திரும்பினார்கள். தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகியும் கோட்டு போடாமல் அவர் வந்ததில்லை. அந்த வட்டத்தில் அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"வழக்கெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றார் அவர் நிதானமாக. "ஆனா வீடில்லாதவங்க காப்பகத்துல எல்லாரும் வட்டமா உக்காந்து அவங்கவங்க சோகத்தைச் சொல்லி அழறாங்க பாருங்க, அது சுத்தப் பொய். யாரும் வாயே திறக்க மாட்டாங்க. அங்க சண்டை வர்றதெல்லாம் யாரு குறட்டை விடுறாங்கன்னுதான்."

எல்லோரும் கூடம் குலுங்கச் சிரித்தார்கள். மூட்டைக்காரரும் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை கட்சிக்காரங்களைப் பாத்திருப்பார், அதான் புட்டுப்புட்டு வைக்கிறார்" என்று வங்கி அம்மா மெச்சிக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் விடுவதாக இல்லை. குரலைத் தாழ்த்தி, "ஐயா, புத்தகமே படிக்காதவங்க இங்க வந்து உக்காரலாமா? சட்டம் என்ன சொல்லுது?" என்று மூட்டைக்காரர் பக்கம் கண்ஜாடை காட்டிக் கேட்டார்.

வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "பொது நூலகம். சட்டப்படி யாரையும் வெளிய போகச் சொல்ல முடியாது" என்றார். பிறகு, "ஆனா வட்டம் உங்களோடது" என்று முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நூலகருக்கு மனசு விட்டுப்போயிற்று. வக்கீல் ஐயாவுக்கும் சங்கடம்தான் போலிருக்கிறது. மூட்டைக்காரரால் வக்கீல் ஐயா வருவது நின்றுவிட்டால் வட்டமே படுத்துவிடும். பாடுபட்டுச் சேர்த்த கூட்டம் அது.

கூட்டம் கலைந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வக்கீல் ஐயா வழக்கம்போல, "நீங்க எல்லாம் கிளம்புங்க, எனக்கு வண்டி வரும்" என்று சொல்லிவிட்டு வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

நூலகர் பத்திரிகை மேஜைப் பக்கம் மூட்டைக்காரரை நிறுத்தினாள்.

"புத்தகம் படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்க வராதும்மா."

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் வர்றீங்க?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "பிஸ்கட்டுக்குன்னு வச்சுக்குங்களேன்."

அவள் மேஜைமேல் கிடந்த பத்திரிகைகளை அடுக்கினாள். அடுக்கியபடியே சொல்லிவிட்டாள். "தப்பா நினைக்காதீங்க. அடுத்த மாசத்துலேருந்து வர வேணாம். மத்தவங்க சங்கடப்படுறாங்க."

அவர் கோபப்படவில்லை. அப்படி யாராவது சொல்வது அவருக்குப் புதிதில்லை போலும். மூட்டையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"நான் வரலேன்னா அவரும் வர முடியாதும்மா. பொழுது சாஞ்சா அவருக்குக் கண்ணு தெரியாது. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

"யாரு, வக்கீல் ஐயாவா? அவருக்குத்தான் வீட்டுலேருந்து வண்டி வருமே?"

மூட்டைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு கேட்டுடாதீங்க. காப்பகத்துல என் பக்கத்துக் கட்டில் அவரோடதும்மா."