பெயர் வெட்டிய பாத்திரம்

முதல்வர் அறையில், மஞ்சப்பையை மேசைமேல் வைத்தாள். அப்பாவின் கடைப்பெயர் எதிரே இருந்தவர் பக்கம் தெரியும்படி.

சொர்ணவல்லி பாத்திர மாளிகை, கீழ ரத வீதி.

பிசிக்ஸ் துறைத்தலைவர் படித்தார். அவருக்குத் தெரியாத பெயர் இல்லை. இருந்தும் படித்தார்.

பைக்குள்ளிருந்து பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியல்களை எடுத்து முதல்வரிடம் கொடுத்தாள்.

ஐம்பத்தாறு சதவீதம்.

அதை வைத்துக்கொண்டு எம்.எஸ்சி. கேட்டு அவள் ஏறாத கல்லூரி இல்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பார்த்துச் சொல்றோம்மா, என்றார்கள். கடையில் வளர்ந்தவளுக்கு அது புரியாதா. வீட்ல கேட்டுட்டு வர்றோம் என்று சொல்லிப் போனவர்கள் எவர் திரும்பி வந்தார்கள்?

மிச்சம் இருந்தது இந்த ஒரு வாசல். மூன்று வருஷம் படித்த அதே வாசல்.

ஆனால் வாசலுக்கும் அவசரம் இருந்தது.

எம்.எஸ்சி. பிசிக்ஸுக்கு ஓர் ஆள் குறைவு. சாயங்காலத்துக்குள் சேராவிட்டால் இந்த வருஷம் வகுப்பே கிடையாது. வகுப்பு போனால் துறைத்தலைவரின் நாற்காலியும் போகும் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு.

அவரேதான் போன் செய்தார்.

"அப்ளிகேஷன் போட்டுடும்மா. நான் பாத்துக்கறேன்."

அவர் அவளை 'அம்மா' போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கடைக்கு வந்திருந்தார். சாக்கு மூட்டையோடு.

மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சீர்ப் பாத்திரங்கள். கல்யாணம் நின்றுவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

குடம், அண்டா, தூக்கு. ஒவ்வொன்றிலும் பெண் பெயர், பக்கத்தில் மாப்பிள்ளை பெயர். புள்ளி புள்ளியாக, அழகாக வெட்டியிருந்தது.

பெயர் வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

அப்பா குடத்தை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"இதே பேர்ல வேற மாப்பிள்ளை பாருங்க சார். பாத்திரம் வீணாகாது."

கடை நிறைய ஆட்கள். யாரும் சிரிக்கவில்லை. கல்லாவில் இருந்த அவள்தான் சிரித்தாள். அடக்கித்தான் பார்த்தாள். மூக்கு வழியாக வந்துவிட்டது.

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் எடுத்த பாடம் எதுவானாலும் அவர் போடும் இன்டர்னல் மார்க் தரையில். செய்முறைத் தேர்வும் அவர் கையில், அதுவும் தரையில். ஒரு சிரிப்புக்கு அவர் சொன்ன விலை. பேரம் கிடையாது. செமஸ்டர் தவறாமல் தவணையில் வசூலித்தார்.

முதல்வர் மேடத்தின் விரல் பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்து, நின்றது.

"வெளியில திருத்துன பேப்பர்ல எல்லாம் நல்ல மார்க். இங்க போடற மார்க் மட்டும் ஏம்மா இப்படி?"

உடம்பு சரியில்லை மேடம் என்றால் முடிந்தது. சீட் கையில். எதிரே இருந்த துறைத்தலைவரின் கண் அந்த வார்த்தையைத்தான் யாசித்தது.

வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் எம்.எஸ்சி.யிலும் இன்டர்னல் போடப்போவது இதே கை.

"போட்டது சார்தான் மேடம். நான் எப்படின்னு சாரே சொல்லட்டும்."

முதல்வர் மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

சுமாரானவள் என்று சொன்னால் அவளுக்குச் சீட் இல்லை. வகுப்பும் இல்லை. நாற்காலியும் இல்லை.

நன்றாகப் படிப்பவள் என்று சொன்னால் அந்த மார்க்குக்கு யார் பதில் சொல்வது?

தராசின் இரண்டு தட்டிலும் அவரே உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. கோபத்தில் மனுஷன் நாற்காலியை உதறிவிட்டால் அவள் படிப்பும் இன்றோடு சரி. முகத்தில் காட்டவில்லை. விலை சொன்ன பிறகு வாயைத் திறப்பவர்தான் இறங்க வேண்டியிருக்கும். கல்லாவில் தினம் பார்ப்பது.

அவர் மஞ்சப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பொண்ணு மேடம்."

"அது தெரியுது. படிப்பு?"

வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போனது.

"நல்லாப் படிக்கும்."

முதல்வர் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பட்டியலை மூடவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"அதை எழுதிக் குடுங்க சார். ஃபைல்ல வச்சுக்கறேன்."

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை.

அவள் மஞ்சப்பைக்குள் கைவிட்டாள். தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்குக் கடையில் கொடுத்த பேனா. மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாங்கினார்.

முனை தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அதற்குமேல் நகரவில்லை.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"மெதுவா எழுதுங்க சார்," என்றாள். "கீழ உங்க பேரையும் போட்டுடுங்க."